ஸ்டார்லட் ஈபி82 டர்போ + ஸ்பீடுயினோ: மட்டக்களப்பு வெயிலுக்குள்ள வெச்சி ஓடின அனுபவம்

குறைஞ்ச காசுல குவாட்டர் மைல் (402 மீட்டர்) நேர் ஓட்டத்துக்கு ஒரு டர்போ கார் செய்ய ஏலுமா எண்டு கேக்கிற தம்பிமாருக்கு, ஏலும். ஆனா காச எதுல முதல்ல போடுறம் எண்டதுலதான் எல்லாம் கிடக்கு. எல்லாரும் டர்போவத்தான் முதல்ல தேடுறாங்க. என்னைக் கேட்டா முதல்ல வைட்பேண்ட் மீட்டர் (புகையப் பாத்து காத்து-பெற்றோல் கலவையக் காட்டுறது), மறுகா இன்ஜெக்டரும் பெற்றோல் பம்பும், அதுக்குப் பிறகு ஈசியூ (இஞ்சினக் கட்டுப்படுத்துற கம்பியூட்டர்), டர்போ கடைசி.

என்ட வண்டி டொயோட்டா ஈபி82 ஸ்டார்லட், உள்ளுக்க ஹாஃப் கட்ல (பாதியா வெட்டி இறக்கின பழைய கார்) வந்த 4ஈ-எஃப்டிஈ டர்போ இஞ்சின். 1331 சீசீதான், ஆனா கம்பெனியில இருந்து வரக்குள்ளயே 135 பிஎஸ், கம்ப்ரஷன் 8.2, வண்டியும் 800 கிலோ சொச்சம். இந்த எடைக்கு அந்தப் பவரே பெரிய விசயம். டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈக்கு மேல டர்போ பூட்டினா மலிவு எண்டு சில பேர் நினைக்கிறாங்க, அதுக்கு கம்ப்ரஷன் கூட, நம்மட பெற்றோலுக்கு கெதியா நொக்கிங் (பெற்றோல் கலவை கட்டுப்பாடில்லாமத் தானா வெடிக்கிறது) புடிக்கும், செய்யாதீங்க. 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டின காலத்துல பழைய கார் சாமான் எல்லாம் விலை ஏறிட்டு, அதனால ஹாஃப் கட் பாக்கப் போனா கம்ப்ரஷன் டெஸ்ட் அடிச்சி நாலு சிலிண்டரும் கிட்டக்கிட்ட வந்தா மட்டும் காசக் குடுங்க. இஞ்சின் நம்பர் மாறுறதால மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியவும் வேணும்.

ஈசியூவுக்கு ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா 2560 போர்டுல ஓடுற சாமான், டிசைன் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, சோல்டரிங் தெரிஞ்சா நாமளே பூட்டலாம். பேர் போன ஸ்டேண்ட்அலோன் ஈசியூ ஒண்டுட விலையில இதையும் வைட்பேண்டையும் 440 சீசீ இன்ஜெக்டரையும் சேத்து எடுத்துப் போடலாம். டிஸ்ட்ரிபியூட்டர கழட்டிட்டு கிராங்குல 36-1 வீல் (36 பல்லுல ஒண்டு இல்லாத, இஞ்சின் சுத்துற நிலையக் காட்டுற சக்கரம்) பூட்டி, ரெண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்துல பொறி குடுக்கிற வேஸ்டட் ஸ்பார்க் கொயில் போட்ட பிறகு டைமிங் அசையாம நிக்கிது. ஈசியூவ செட் பண்ணுற சொஃப்ட்வெயார் டியூனர்ஸ்டூடியோ சும்மாவே கிடைக்கும், ஆனா வீஈ டேபிள (பெற்றோல் அளவ முடிவு செய்யிற அட்டவணை) தானா திருத்துற வசதி காசு கட்டின வேர்ஷன்லதான் இருக்கு, அந்தக் காச யோசிக்காமக் கட்டுங்க, 16க்கு 16 டேபிள கையால நிரப்புறது லேசுப்பட்ட வேலை இல்ல. பூஸ்ட்ல (டர்போ காத்த அமுக்கித் தள்ளக்குள்ள) ஏஎஃப்ஆர், அதாவது காத்துக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம், 11.5 கிட்ட வெச்சிரிக்கன், இன்ஜெக்டர் டியூட்டி (திறந்து நிக்கிற நேரம்) 80 வீதத்தத் தாண்ட விடுறதில்ல, பூஸ்ட் 1 பாருக்கு மேல போறதில்ல. பெற்றோல் 95 மட்டும்தான். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல, கியூஆர்ல காருக்கு கிழமைக்கு 20 லீட்டர் தந்த காலத்துல டியூனிங் அப்படியே படுத்திட்டு, ஓடி லொக் (இஞ்சின் தரவு) எடுக்கிறதுக்கே பெற்றோல் வேணுமே.

இஞ்ச ஓடுறவங்க முக்கியமாப் பாக்க வேண்டியது ரெண்டு சங்கதி. ஒண்டு கச்சான் காத்து, மேற்கால இருந்து அடிக்கிற சூட்டுக் காத்து. ஆனி ஆடியில அது அடிக்கத் தொடங்கினா மத்தியானத்துல பொனட்டுக்குள்ள கை வைக்க ஏலாது, இன்டேக் டெம்பரேச்சர் (இஞ்சினுக்குள்ள போற காத்துட சூடு) ஏறி நிக்கும். மாரியில மழை விட்ட காலைக் குளிர்ல டியூன் பண்ணின வண்டிய கச்சான்ல அதே இக்னிஷன் டைமிங்ல இழுத்தா நொக்கிங் வரும். அதனால இன்டேக் சூட்டுக்கு ஏத்த மாதிரி டைமிங்கப் பின்னுக்கு இழுக்கிற டேபிள நிரப்பியே ஆகணும். டியூனிங்கையும் சூட்டுக்குள்ளதான் முடிக்கணும். இன்டர்கூலர் (டர்போ காத்தக் குளிராக்குறது) பெரிசா போடுறத விட அதுக்குள்ள காத்து நேரா பூந்து போற மாதிரி பம்பருக்குப் பின்னால தகடு அடிச்சி அடைச்சது எனக்குக் கூடப் பலன் தந்தது, அதுவும் சந்தி லேத் பட்டறையில மலிவா முடிஞ்சிட்டு.

மத்தது உப்புக்காத்து. ஒருக்கா வண்டி ஐடில்ல நல்லா நிக்கும், இழுக்கக்குள்ள மட்டும் ஏஎஃப்ஆர் 11ல இருந்து 13க்கு ஆடும். பம்ப், ஃபில்டர், பிரஷர் எல்லாம் சரி. நம்மட வயரிங் பாஸ் டோர்ச் அடிச்சி மெனிஃபோல்டுக்குக் கீழ பாத்துட்டு, "தம்பி, இத ஒருக்கா வந்து பாருங்க" எண்டார். சென்சர் ஏர்த் வயர்ட லக்குக்குள்ள பச்சையா களிம்பு புடிச்சி, இழுத்தோடன செம்பு தூளாக் கொட்டுது. கடலும் வாவியும் ரெண்டு பக்கத்தாலயும் இருக்கிற ஊர்ல இது வரத்தான் செய்யும். இப்ப ஏர்த் எல்லாம் ஈயம் பூசின வயர்ல, இஞ்சின் புளொக்குல ஒரே இடத்துல, மேல கிறீஸ்.

ஸ்பார்க் பிளக் பாக்கப் பழகுங்க. ஒரு நம்பர் குளிர் கூடின (சூட்ட கெதியா வெளியேத்துற) பிளக், இடைவெளி 0.7 மில்லிமீட்டர். ஃபுல் புல் ஒண்டு குடுத்தோடன இஞ்சின நிப்பாட்டி கழட்டி, பூதக்கண்ணாடியால வெள்ளைப் பீங்கானப் பாருங்க. மிளகுத்தூள் தெளிச்ச மாதிரி கறுப்பு, இல்லாட்டி மினுங்குற புள்ளி இருந்தா டெட்டனேஷன் (நொக்கிங்தான்), பிஸ்டன் அலுமினியம் உருகத் தொடங்குது எண்டு அர்த்தம். மீட்டர் என்ன காட்டினாலும் அண்டைக்கு பூஸ்ட் கூட்டக் கூடாது.

டர்போ செகண்ட் ஹேண்ட் டிடி04, மெனிஃபோல்ட் உள்ளூர் வெல்டிங். ஒயில் ரிட்டர்ன் பைப் வளையாம கீழ்நோக்கி, சம்புல ஒயில் மட்டத்துக்கு மேல போய்ச் சேரணும், இல்லாட்டி சீல் நல்லா இருந்தாலும் புகைக்கும். அவ்வளவுதான், இண்டு வரைக்கும் கரைச்சல் தரல்ல.

இழுக்கிறதுக்கு கட்டுக்குருந்த ஓடுபாதை மாதிரி ஒழுங்கு செஞ்ச இடத்துக்கு லொறியில ஏத்திக்கொண்டு போங்க. கல்லடி ரோட்டுல வேணாம், புள்ளையள் சைக்கிள்ல போற ரோடு அது. 402 மீட்டர்ல முதல் 60 அடிதான் நேரத்த முடிவு செய்யிது, அதுல 0.1 செக்கன் குறைச்சா கடைசியில கிட்டத்தட்ட 0.2 குறையும். முன் வீல் வண்டியில பாரம் பின்னுக்குப் போறதால ரயர் சும்மா சுத்தும். ஸ்பீடுயினோட லோஞ்ச் லிமிட்டர (புறப்படக்குள்ள இஞ்சின் வேகத்துக்கு எல்லை வைக்கிறது) குறைச்சி வெச்சி, முன் ரயர்ல காத்தக் குறைச்சி, பின் ஸ்பிரிங் இறுக்கமாப் போட்டது பூஸ்ட் கூட்டினத விட நல்லா வேலை செஞ்சிரிக்கு. ஆனா இப்பவும் வழமையா ஒரு வீல்தான் சுத்துது. யாரிட்டயாவது ஸ்டார்லட் ஜிடி கியர்பொக்ஸ்ட எல்எஸ்டி (ரெண்டு வீலுக்கும் பவர் போக வைக்கிற டிஃபரன்ஷல்) நல்ல நிலையில இருந்தா சொல்லுங்க, அக்கரைப்பற்று எண்டாலும் வந்து பாக்கிறன்.