புரோசோரோ: ஏலம் வரை கில்லாடி, அதற்கப்புறம்?

உக்ரைனில் அரசு டெண்டர்கள் எல்லாம் 2016 ஆகஸ்ட் முதல் புரோசோரோ என்ற இணையக் கொள்முதல் தளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். "எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்" என்பது அதன் முழக்கம். 2024 முதல் 2027 வரை அந்த நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் மட்டுமே 5,000 கோடி யூரோ வரை ஒதுக்கியிருக்கும் நிலையில், போரில் இடிந்ததைக் கட்டும் பணத்துக்கு இந்தக் காவல் போதுமா என்பதே கேள்வி.

ஏலப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். விலை இறங்கிக்கொண்டே போகும் மூன்று சுற்றுகள். குறைவாகக் கேட்டவருக்கே ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வாய்ப்பு. முடியும்வரை யார் யாரோடு மோதுகிறார்கள் என்று தெரியாது. முடிந்ததும் தோற்றவர்களின் விலை உட்பட எல்லாம் திறந்துவிடும். பார்க்க லாகின்கூட வேண்டாம்.

ஓட்டைகள் ஏலத்துக்கு வெளியே இருக்கின்றன. போர்க்கால விதிப்படி 15 லட்சம் ஹிரிவ்னியாவுக்குக் (உக்ரைன் நாணயம்) குறைவான கட்டுமான வேலையை டெண்டரே இல்லாமல் கொடுக்கலாம். அதனால் ஒரே பள்ளிக்குக் கூரை தனி, ஜன்னல் தனி, பூச்சு தனி என்று துண்டு போடுவார்கள். வாங்கும் அலுவலகத்தின் எட்டு இலக்கப் பதிவு எண்ணைப் போட்டுத் தேடி, 14 லட்சத்துச் சொச்ச ஒப்பந்தங்களை வரிசையாகப் பாருங்கள். ஒரே காண்டிராக்டர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் சங்கதி புரிந்துவிடும்.

அடுத்தது, குறைந்த விலைக்காரரைக் கழித்துக்கட்டுவது. ஆவணக் குறையைச் சரிசெய்ய 24 மணி நேரம் தர வேண்டும் என்பது விதி. அதைத் தராமலேயே நிராகரித்திருந்தால் அந்த முடிவின் காரணத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பெரிய திருட்டு எஸ்டிமேட்டில் நடக்கிறது. ஏலம் மொத்தத் தொகையைத்தான் ஒப்பிடுகிறது. செங்கல், சிமென்ட், கம்பி ஒவ்வொன்றுக்கும் போட்ட விலையை அது கண்டுகொள்வதில்லை. பொருள் பட்டியலை ஒப்பந்த இணைப்பில் தேடி, சந்தை விலையோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். பட்டியலை ஸ்கேன் படமாக ஏற்றியிருந்தால் தேடவே முடியாது, அதுவும் ஒரு தந்திரம்தான். வேலை முடிந்ததாகக் கையெழுத்திடும் கேபி-2வி படிவமோ பெரும்பாலும் கண்ணில் படாது.

தளத்துக்குள்ளேயே வராத செலவைப் புரோசோரோவால் என்ன செய்ய முடியும்? 2023 ஜனவரியில் வெடித்த முட்டை விவகாரம் நினைவிருக்கும்: ராணுவச் சாப்பாட்டு ஒப்பந்தத்தில், கடை விலையைவிட மிக அதிகமாக, ஒரு முட்டை 17 ஹிரிவ்னியா. ரகசியக் கொள்முதல் என்பதால் அது புரோசோரோ பக்கமே வரவில்லை. பத்திரிகையாளர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

மறுகட்டுமானத்துக்கென 2023இல் வந்த டிரீம் தளம், திட்டம் தொடங்குவதிலிருந்து முடிவதுவரை ஒரே பக்கத்தில் காட்டப் பார்க்கிறது. முதலில் அங்கே கட்டடத்தைத் தேடி, டெண்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு புரோசோரோவுக்கு வந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.