நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்கு எந்த விளையாட்டு?

தரம் 3 பிள்ளைகளுக்கு "நூற்றைந்து" என்று சொல்லி எழுதச் சொன்னால், நாலைந்து கொப்பிகளிலாவது 1005 என்று வந்து நிற்கும். மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிற எனக்கு இது வருடா வருடம் வருகிற விருந்தாளி. பிள்ளை செய்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காதில் விழுந்தது நூறு, அப்புறம் ஐந்து. 100ஐ எழுதி, பக்கத்தில் 5ஐயும் வைத்தாயிற்று. பழைய தமிழெண்ணில் நூற்றைந்தை ௱௫ என்றுதானே எழுதினார்கள்? பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனித்தனிக் குறி இருந்ததால், அந்த முறைக்குப் பூச்சியமே தேவைப்படவில்லை. நம் பிள்ளை முன்னோர் வழியில் எழுதிவிட்டு எங்களிடம் பிழை வாங்குகிறது.

இடப்பெறுமானத்துக்கென்று, அதாவது ஒரு இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று விளங்கவைக்க, வகுப்பில் ஆடிப் பார்த்த சில விளையாட்டுகளை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாகிறதே, அந்த வேலையை யார் செய்கிறார்கள்? பிள்ளையின் கையா, ரீச்சரின் வாயா?

முதலில் ஈர்க்குக் கட்டு. ஒரு பழைய விளக்குமாற்றை அவிழ்த்து, ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கினால் ஒன்றில் ஏழெட்டுத் துண்டு தேறும். நாலு பிள்ளைகள் ஒரு குழு. இரண்டு ஆறுமுகத் தாயக்கட்டைகளை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு ஈர்க்கு எடுக்க வேண்டும். பத்துச் சேர்ந்தால் கட்ட வேண்டும். பத்துக் கட்டுச் சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒரே பெரிய கட்டாகக் கட்டியவர் வென்றார். ஒரு உருட்டலுக்குச் சராசரி 7 விழும் என்பதால், ஒரு பிள்ளை பதினைந்து முறை அளவில் உருட்டினால் நூறுக்கு வந்துவிடும்.

இதன் பலம் வேறு எதிலும் இல்லை. பத்து என்பது கையில் கனக்கிறது. அவிழ்த்தால் உள்ளே பத்து ஒன்றுகள் அப்படியே கிடக்கின்றன, ஒன்றும் மறையவில்லை. "ரீச்சர், இன்னொண்டு விழுந்தாக் கட்டிருவன்" என்று கத்துகிற பிள்ளைக்கு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதையே திருப்பியும் ஆடலாம், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். எல்லோரும் நூறு ஈர்க்குள்ள பெரிய கட்டோடு தொடங்கி, விழுகிற எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே பூச்சியத்துக்கு வர வேண்டும். முதல் உருட்டலில் 7 விழுகிறது. கையில் உதிரி ஒன்றுமில்லை. பெரிய கட்டை அவிழ்த்தால் பத்துச் சின்னக் கட்டு; அதிலொன்றை அவிழ்த்தால் பத்து உதிரி; ஏழைக் கொடுத்தால் மிச்சம் ஒன்பது கட்டும் மூன்று உதிரியும். கழித்தலில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாங்கள் சொல்லும் கதை இருக்கிறதே, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காத அந்த விசித்திரமான கதை, அது இந்த ஆட்டத்துக்குத் தேவையே இல்லை.

குறையும் உண்டு. நேரம் தின்னும். இறப்பர் பட்டிகள் நம் வெயிலுக்கு ஒரு தவணை முடிவதற்குள் ஒட்டிப் பிசுபிசுத்துப் போகும். நான் இப்போது வாழைநாருக்கு மாறிவிட்டேன். இரண்டு பையன்கள் ஈர்க்கை வாளாக்கிச் சண்டை பிடிப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடை விளையாட்டு. ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்தது, எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மட்டையில் வெட்டிய காசை வைத்து மேசையில் கடை போட்டால் வகுப்பு களைகட்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பத்து ரூபாய்க் குற்றிக்குள் பத்து ஒரு ரூபாய்க் குற்றிகளைப் பிள்ளை காண முடியாது. அது பெரியவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை. ஏற்கெனவே புரிந்த பிள்ளைக்குத்தான் அந்த உடன்படிக்கை விளங்கும். போதாததற்கு, எங்கள் காசு பத்துப் பத்தாகவும் ஏறுவதில்லை. 20, 50, 500, 5000 என்று நடுவில் தாள்கள் குறுக்கே வரும். அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு 1, 10, 100, 1000 மட்டும் வைத்தால் விளையாட்டு ஒழுங்காக நடக்கும். ஒரு ரூபாய்க் குற்றிக்கு இன்றைக்கு என்ன வாங்கலாம் என்று ஒரு பிள்ளை கேட்கும்வரை.

கம்பிகளில் வளையம் கோத்து எண்ணும் எண்சட்டம் பல பள்ளிகளில் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. பத்தினிடக் கம்பியில் இருக்கும் வளையமும் ஒன்றினிடக் கம்பியில் இருக்கும் வளையமும் ஒரே அளவு, நிறம்தான் வேறு; ஒன்று மற்றதைப்போலப் பத்து மடங்கு என்று கண்ணுக்குத் தெரியாது. ஈர்க்கு முடிந்த பிறகு எடுத்தால் நல்லது, முன்பு எடுத்தால் அது வெறும் நிறம் பார்க்கும் ஆட்டம். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கதிரை போட்டு, இலக்க அட்டையோடு பிள்ளைகளை மாறி மாறி உட்காரச் சொல்லும் விளையாட்டு, கடைசிப் பாடவேளையில் தூங்கி விழும் வகுப்பை எழுப்ப உதவும்.

பெட்டி நிரப்புவது வேறு வகை. ஒவ்வொருவரும் கொப்பியில் நூறு, பத்து, ஒன்று என்று மூன்று பெட்டியும், ஓரத்தில் ஒரு குப்பைப் பெட்டியும் கீற வேண்டும். ஒரு இலக்கம் வரும். உடனே ஏதாவது ஒரு பெட்டியில் எழுத வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நாலு இலக்கம் முடிந்ததும் யாருடைய எண் பெரியதோ அவருக்கு வெற்றி. முதலில் 5 வந்தால் எங்கே வைப்பது? நூறினிடத்தில் வைத்த பிறகு 9 வந்தால் வயிறு எரியும். இந்த வயிற்றெரிச்சல்தான் பாடம். தரம் 4, 5 பிள்ளைகள் இதை இடைவேளையிலும் விடமாட்டார்கள். புலமைப்பரிசில் வினாத்தாள் செய்து களைத்தவர்களுக்கும் இது கணிதமாகத் தெரிவதில்லை.

பலர் இதைத் தாயக்கட்டை உருட்டி ஆடுகிறார்கள். அது பிழை. ஆறுமுகக் கட்டையில் 7, 8, 9 வராது, பூச்சியம் வரவே வராது. 1005 எழுதுகிற பிள்ளைக்குப் பூச்சியம்தானே பிரச்சினை? சப்பாத்துப் பெட்டி மட்டையில் 0 முதல் 9 வரை அட்டை வெட்டிக் குலுக்கி எடுங்கள். ஆனால் தரம் 2 பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீர்கள். இங்கே பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாகும் வேலை எங்குமே நடப்பதில்லை. இலக்கங்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். தெரிந்ததைக் கூர்மையாக்கும், தெரியாததைத் தராது.

ஈர்க்குக்கும் பெட்டிக்கும் நடுவில் அடுக்கு அட்டை. 100 எழுதிய நீள அட்டை, 10, 20, 30 என்று அதைவிடக் குட்டை, 1 முதல் 9 வரை ஆகக் குட்டை. "நூற்றைந்து" என்றதும் 100ஐ எடுத்து, அதன் கடைசிப் பூச்சியத்தின் மேல் 5ஐ வைக்க வேண்டும். 105. 5ஐத் தூக்கினால் கீழே பூச்சியம் இருக்கிறது. 1005 என்ற விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்புவதில் இதற்கு இணையில்லை. தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலுக்கும் இது கைகொடுக்கும். எண்பது வரை பத்துகள் ஒழுங்காக வந்து, அடுத்து தொண்ணூறு என்று காதில் நூறு விழுகிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் விழுகிறது. தொண்ணூற்றிரண்டுக்கு 100 அட்டையைத் தேடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அட்டையோடு ஒன்பது ஈர்க்குக் கட்டையும் மேசையில் வைத்தால் தேடுவதை விட்டுவிடுவார்கள்.

எந்த விளையாட்டு பலித்தது என்று பார்க்க, கொன்ஸ்டன்ஸ் கமீ என்ற கல்வியாய்வாளர் பயன்படுத்திய சோதனை ஒன்று இருக்கிறது. பதினாறு புளியங்கொட்டையை எண்ணச் சொல்லி, 16 என்று எழுதச் சொல்லி, அதிலுள்ள 1ஐத் தொட்டு, "இதுக்கு எத்தனை கொட்டை, காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரே ஒரு கொட்டையைத் தள்ளிக் காட்டுகிற பிள்ளைக்கு இன்னும் ஈர்க்குத்தான். பத்தைத் தள்ளுகிற பிள்ளையின் கையில் அடுக்கு அட்டையைக் கொடுக்கலாம், பிறகு பெட்டியை.

போன தவணை எல்லாக் குழுவின் பெரிய கட்டுகளையும் சேர்த்து, ஆயிரம் ஈர்க்கை ஒரே கட்டாகக் கட்டினோம். இரண்டு பிள்ளைகள் அணைத்துப் பிடிக்க, மூன்றாவது பிள்ளை கயிறு சுற்றியது. "இனிப் பத்தாயிரம் கட்டுவம் ரீச்சர்" என்றார்கள். அத்தனை விளக்குமாற்றுக்கு எங்கே போவது? அடுத்த நாள் அட்டையை எடுத்துவிட்டேன்.