வென்டாய்: துவக்கம் எங்கே நின்றது என்று காட்டும் பென்டிரைவ்

இயங்குதளம் நிறுவுவதற்கான பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கியபின், கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து எழும் குழப்பம் புதிதன்று: பழுது பென்டிரைவிலா, ஐஎஸ்ஓ கோப்பிலா (நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கியது), கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும் பயாஸின் அமைப்பிலா? பெரும்பாலான கருவிகள் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் விரித்து எழுதிவிடுவதால், சந்தேகம் வந்தால் அனைத்தையும் அழித்து மறுபடி எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2020இல் வெளிவந்த வென்டாய் என்னும் திறந்தமூல மென்பொருளைப் பலரும் பாராட்டுவது, பல இயங்குதளங்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. துவக்கம் எந்தப் படியில் தடைபட்டது என்பதை அது தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்காகவே நான் அதை வைத்திருக்கிறேன்.

வென்டாயை முதன்முறை நிறுவும்போது பென்டிரைவில் உள்ளவை எல்லாம் அழிந்துபோகும்; ஆகவே நகலெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே போட்டுவைப்பதற்கான பெரிய எக்ஸ்ஃபேட் பார்டிஷன் (டிரைவின் தனிப்பிரிவு) ஒன்றும், துவக்க நிரல்கள் அடங்கிய 32 எம்பி பார்டிஷன் ஒன்றும் உருவாகின்றன. எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமை என்பதால், பழைய முறைமையான ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற தொல்லை இங்கே இல்லை. பிறகு புதிய பதிப்புக்கு மாறும்போதும் போட்டுவைத்த கோப்புகள் அழிவதில்லை.

அந்த 32 எம்பி பார்டிஷன் டிரைவின் கடைக்கோடியில் அமைகிறது என்ற விவரம் எனக்கு ஒரு மோசடியைக் கண்டுபிடிக்க உதவியது. 128 ஜிபி என்று அச்சிட்டிருந்த ஒரு பென்டிரைவில் வென்டாய் எந்த முறைப்பாடும் இல்லாமல் நிறுவப்பட்டது. ஆனால் மூன்று கணினிகளில் எதுவும் அதிலிருந்து துவங்கவில்லை. எஃப்3 என்னும் சோதனைக் கருவியை ஓடவிட்டபோதுதான், அந்த டிரைவின் உண்மையான கொள்ளளவு அச்சிட்டதில் ஒரு சிறு பங்கே என்பது புலப்பட்டது. இல்லாத இடத்தில் எழுதப்பட்ட துவக்க நிரலை எந்தக் கணினியால்தான் படிக்க முடியும்?

டிரைவ் நல்லதாக இருந்தும், துவங்கும்போது ஐஎஸ்ஓ கோப்புகளைக் காட்டும் வென்டாயின் பட்டியலே திரையில் வரவில்லை என்றால், கணினியின் பக்கம் பார்க்க வேண்டும். யூஎஸ்பி ஹப்பை விலக்கிவிட்டு நேரடியாகக் கணினியின் போர்ட்டில் செருகுவது, பயாஸில் சில சோதனைகளைத் தவிர்த்து விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் பூட்டை அணைப்பது, விண்டோஸ் உள்ள கணினியாயின் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து அங்கிருந்து பென்டிரைவைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றிலேயே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது.

நம்பகமான கையொப்பம் உள்ள துவக்க நிரல்களை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் முதன்முறை வரும் நீலத்திரைதான் புதியவர்களை மிகவும் மிரட்டுகிறது. ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்டு, செக்யூரிட்டி வயலேஷன்’ என்ற அச்செய்தியைக் கண்டதும் பென்டிரைவ் கெட்டுவிட்டதாக எண்ணிப் பிடுங்கிவிடுகிறார்கள். ஓகே கொடுத்தால் ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லி 10 விநாடிகள் எண்ணத் தொடங்கும். அதற்குள் அழுத்தி, ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்து, சிறிய பார்டிஷனில் உள்ள சாவிக் கோப்பைக் காட்டி, ஒப்புதல் கொடுத்து மறுதுவக்கம் செய்ய வேண்டும். நானே இரண்டு முறை அந்த 10 விநாடிகளைத் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒரு கணினிக்கு ஒருமுறை செய்தால் போதுமானது. இதைச் செய்தபின் அக்கணினி இன்னொரு தரப்பின் கையொப்பத்தையும் நம்பத் தொடங்குகிறது என்பதால், அலுவலகக் கணினியில் பொறுப்பாளரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

பட்டியல் வந்து, ஐஎஸ்ஓவைத் தேர்ந்தபின் பிழை வந்தால், சந்தேகம் கோப்பின்மீது திரும்புகிறது. லினக்ஸில் நகலெடுத்து முடிந்ததாகத் திரை சொன்னாலும், தரவு இன்னும் நினைவகத்திலிருந்து டிரைவுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஓர் அவசரத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே டிரைவை உருவிவிட்டு, பாதியில் நின்ற நிறுவலுக்காக அந்த லினக்ஸ் வெளியீட்டையே ஒரு மாலை முழுதும் நான் திட்டிக்கொண்டிருந்ததுண்டு. வென்டாய் கோப்பைத் தேர்ந்தவுடன் காட்டும் இரண்டாம் பட்டியலில் ‘ஃபைல் செக்சம்’ என்ற வாய்ப்பு இருக்கிறது; கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு மதிப்பை அது கணக்கிடும். வரும் மதிப்பை, கோப்பை வெளியிட்டவர்கள் கொடுத்துள்ள மதிப்போடு ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். இன்னோர் இயங்குதளத்தைத் துவக்காமலே இச்சோதனையைச் செய்ய முடிவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மதிப்பு பொருந்தியும் லினக்ஸ் துவங்காவிட்டால், அதே பட்டியலில் உள்ள ‘கிரப்2 மோட்’ என்னும் மாற்றுத் துவக்க முறை வழியாக ஒருமுறை முயன்று பார்க்கலாம். லினக்ஸின் மையநிரலான கெர்னல் துவங்கியபின் திரை இருண்டுபோனால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிக்கல்; துவக்க வரியில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்தால் தெரிந்துவிடும். விண்டோஸ் நிறுவியில் வன்வட்டு தென்படாமல் போவது பல லேப்டாப்களில் சேமிப்பகங்களை நிர்வகிக்கும் இன்டெலின் விஎம்டி அமைப்பால் நேர்வது. அங்கே பென்டிரைவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, உரிய டிரைவரை ஏற்றவேண்டும்.

குறைகளும் உண்டு. மூலநிரலோடு முன்கூட்டியே தொகுக்கப்பட்ட பைனரி கோப்புகளும் சேர்ந்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இயங்கும் ஒரு மென்பொருளில் இது அற்பமான குறையன்று. சில ஐஎஸ்ஓ கோப்புகள் எந்த முறையிலும் இதில் துவங்குவதில்லை. அத்தகைய வேளைகளுக்காக, ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்னும் கருவி கொண்டு தனியாக எழுதுவதற்கு வெறுமையான பென்டிரைவ் ஒன்றும் என் பையில் எப்போதும் இருக்கிறது.