வீட்டுக் கார்டியோ கருவிகள்: மூன்றாம் ஆண்டிலும் ஓடுவது எது?

வீட்டுக்கு ஓர் உடற்பயிற்சிக் கருவி வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்பது விலையையும், ஒரு மணி நேரத்தில் எத்தனை கலோரி கரையும் என்பதையும்தான். மூன்றாம் ஆண்டிலும் அது ஓடுமா என்று நானும் கேட்டதில்லை. எங்கள் வீட்டு டிரெட்மில் பதினான்காம் மாதத்தில் நின்றுபோன பிறகுதான் கேட்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து டிரெட்மில், சைக்கிள், நின்றபடி கால்களை நீள்வட்டமாகச் சுழற்றும் எலிப்டிகல், துடுப்பு வலிப்பது போல் இழுக்கும் ரோயிங் மெஷின் என எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளோடுதான் அணுகுகிறேன். எந்தப் பாகம் எதன்மீது உரசுகிறது? எது சூடாகிறது? கெட்டுப்போனால் அந்தப் பாகம் நம் ஊரில் கிடைக்குமா?

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான்கிலும் அதிகச் சோதனைக்கு உள்ளாவது டிரெட்மில்தான். மற்ற மூன்றையும் நாம் நம் உடல் வலுவால் இயக்குகிறோம். இதில் மட்டும் மின்மோட்டார் நம் எடையைத் தாங்கிய பெல்ட்டை ஒரு பலகையின் மீது இழுத்துக்கொண்டே இருக்கிறது. பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே சிலிகான் எண்ணெய் இருக்கும்வரை உரசல் குறைவு. அது காய்ந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், அந்தச் சுமை மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டின் மீது விழும், ஒரு நாள் போர்டு கருகும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். பழுது பார்க்க வந்தவர் மோட்டார் மூடியைத் தொடவே இல்லை. பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, என் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழப்பாக இருக்கும் என்று நினைத்த பலகை, கால் விழும் இரண்டு இடங்களிலும் மேல்பூச்சு தேய்ந்து சுரசுரவென்று இருந்தது. விரல்களில் கரிய தூள் ஒட்டியது. "எண்ணெய் விட்டு எத்தனை நாள் ஆச்சும்மா?" என்று கேட்டார். விட வேண்டும் என்பதையே விற்றவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. மோட்டாருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் இருந்தது. ஆனால் போர்டு 'மற்ற பாகங்கள்' என்ற வகையில் வந்ததால் அதற்கு ஓராண்டுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுக்கணக்கு பல நேரம் மோட்டாருக்கோ இரும்புச் சட்டத்துக்கோ உரியது. முதலில் கெடக்கூடிய போர்டுக்கும் திரைக்கும் எத்தனை மாதம் என்று தனியாகக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும் என்பதை அந்தச் செலவு கற்றுத்தந்தது.

மோட்டாரின் குதிரைத்திறனிலும் இதே போன்ற ஒரு மயக்கம் உண்டு. '4 எச்.பி.' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சத்திறன். தொடர்ந்து ஓடும்போது தரக்கூடியது அதில் பாதியாகவும் இருக்கலாம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்பதால், நான்கு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 3000 வாட் வேண்டும், அதாவது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். கருவியின் முன்பக்கம், மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகில் ஒட்டியிருக்கும் தகட்டைக் குனிந்து படித்தால் அதில் 1500 வாட் என்றே எழுதியிருக்கும். அப்படியானால் அந்த மோட்டார் தொடர்ந்து இரண்டு குதிரைத்திறனுக்கு மேல் தராது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு செய்தியைக் கடைக்காரர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடுகிறவரைவிட, எடை மிகுந்தவர் மெதுவாக நடப்பதுதான் மோட்டாருக்குக் கடினமான வேலை. என் அப்பாவின் எடை 92 கிலோ; மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடப்பார். ஒவ்வொரு அடியிலும் பெல்ட் பலகையோடு அழுந்தி நிற்கப் பார்க்கும், மோட்டார் அதை மீறி இழுக்க வேண்டும். மோட்டாரின் அச்சிலேயே பொருத்திய குளிர்விசிறியும் அதே மெதுவான வேகத்தில்தான் சுழல்வதால், சூடு வெளியேற வழியில்லை. 'நாங்கள் நடக்கத்தானே போகிறோம், சின்ன மோட்டார் போதும்' என்ற கணக்கு இளைத்த உடம்புக்காரர்களுக்குப் பொருந்தலாம், கனமானவர்களுக்குப் பொருந்தாது. கருவி தாங்கும் அதிகபட்ச எடை என்று குறித்திருப்பதற்கும் நம் எடைக்கும் நடுவே 20, 25 கிலோவாவது இடைவெளி இருப்பது நல்லது.

வேகத்தைச் சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. பெல்ட்டின் முழுச் சுற்றளவை நூலால் அளந்து, அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடத்தில் அந்தக் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். சுற்றளவு 2.8 மீட்டர் என்றால், திரை மணிக்கு 6 கிலோமீட்டர் காட்டும்போது கோடு ஏறக்குறைய 36 முறை வர வேண்டும். கருவியில் குறித்திருக்கும் எழுத்துகளும் துல்லியத்தைச் சொல்லும்: உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ 20957 என்ற உலகத் தரத்தில் எச் என்ற எழுத்து வீட்டு உபயோகத்தையும், எஸ் என்ற எழுத்து பயிற்சிக்கூட உபயோகத்தையும் குறிக்கும். அடுத்து வரும் ஏ, பி, சி ஆகியவை அளவீட்டுத் துல்லியத்தைக் குறிக்கும். வீட்டுக் கருவிகள் பலவற்றில் 'எச்.சி.' என்று இருப்பதைப் பார்க்கலாம். வீட்டுக்கானது, துல்லியத்தில் கடைசிப் படி என்று அதற்குப் பொருள். ஆகவே திரை காட்டும் கலோரிக் கணக்கை வைத்து ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

சைக்கிளுக்கு வந்தால் நிலைமை வெகுவாக இலகுவாகிறது. ஆனால் சைக்கிள் என்ற ஒரே பெயரில் தரத்தில் வெவ்வேறான இரண்டு வகைகள் விற்கின்றன. மலிவு வகையில் சுழலும் சக்கரத்தின் மீது கம்பளிக் கட்டையையோ பட்டையையோ அழுத்தி இறுக்கம் உண்டாக்குவார்கள். அது தேயும், தூள் கொட்டும், சில மாதங்களில் முன்பு இருந்த இறுக்கம் கிடைக்காது. காந்த வகையில் சக்கரத்தின் விளிம்புக்கு அருகே காந்தங்கள் நெருங்கி வருகின்றன. சுழலும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே வேகத்தைத் தடுக்கிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை, ஆகவே அங்கே தேய்வதற்கு ஒன்றுமில்லை. சங்கிலிக்குப் பதிலாக ரப்பர் பெல்ட்டும் இருந்துவிட்டால் சத்தமும் குறையும், எண்ணெய் வேலையும் மிச்சம். விலையில் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் காந்த வகையையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

சைக்கிளில் வரும் பழுதுகளில் நான் அதிகம் பார்த்தது, பொருத்தும் நாளிலேயே நேர்கிற ஒன்று. இடது பெடலின் மரை தலைகீழானது. அதை இடப்பக்கமாகச் சுற்றித்தான் இறுக்க வேண்டும். இது தெரியாமல் ஸ்பேனரைப் போட்டு வலப்பக்கமாக அழுத்தித் திருகினால், பெடல் பூட்டும் கிராங்க் கையின் மரை அழிந்துவிடும். அதன்பின் எத்தனை முறை இறுக்கினாலும் பத்து நாளில் பெடல் ஆடத் தொடங்கும். பெட்டியைப் பிரித்ததும் பெடல்களில் எல், ஆர் என்ற எழுத்துகளைத் தேடிப் பாருங்கள்; முதல் நான்கு சுற்று ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே உள்ளே போக வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பயிற்சி முடிந்ததும் கைப்பிடியிலும் இறுக்கும் திருகியிலும் பட்ட வியர்வையைத் துடைத்துவிட வேண்டும். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் துருப்பிடிக்க ஒரு மழைக்காலமே போதும்.

எலிப்டிகலில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முழங்காலில் அடி விழாமல் கையும் காலும் சேர்ந்து இயங்கும் நல்ல பயிற்சி அது. ஆனால் அதன் நன்மை முழுவதும் நல்ல கட்டுமானத்தைச் சார்ந்திருக்கிறது. சைக்கிளில் நாம் அமர்ந்திருக்கிறோம், இதில் முழு எடையும் கருவியின் ஆடுகிற இரண்டு இரும்புக் கைகளின் மீது நிற்கிறது. அவற்றைத் தாங்கும் ஒவ்வொரு மூட்டிலும் உரசலைத் தாங்கும் புஷ் என்ற சிறு வளையம் இருக்கும். ஒன்று தேய்ந்தாலே கிறீச்சென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும், எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். மலிவான எலிப்டிகல்களின் காலடி நீளம் 12, 14 அங்குலம்தான்; நடுத்தர உயரமுள்ளவருக்கே 18 அங்குலமாவது வேண்டும், இல்லாவிட்டால் இயல்பான நடை வராது, படி மிதிப்பது போலிருக்கும். கருவியின் சொந்த எடை 35 கிலோ, ஏறுகிறவர் 85 கிலோ என்றால் அது தரையில் ஆடாமல் நிற்காது. நல்ல எலிப்டிகலுக்குப் பணம் இல்லையென்றால், அதே பணத்தில் நல்ல சைக்கிள் வாங்கிவிடலாம்.

ரோயிங் மெஷினை நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. 1981இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் சைக்கிள் சக்கரத்தை வைத்துச் செய்த கான்செப்ட்2 கருவியின் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. விசிறிச் சக்கரம் காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்றே எதிர்ப்பு. இழுக்கும் வேகத்துக்கு ஏற்ப எதிர்ப்பும் கூடும். மின்இணைப்பு வேண்டாம். 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய், இருக்கை ஓடும் தண்டவாளத்தை அவ்வப்போது துடைத்தல், இவைதான் முக்கியப் பராமரிப்பு. நம்பகத்தன்மை ஒன்றை மட்டும் பார்த்தால் நான்கிலும் முதலிடத்தை இதற்கே தருவேன். ஆயினும் விலை அதிகம், 8 அடி நீளத்துக்குக் கூடத்தில் இடம் வேண்டும், இழுக்கும் முறையை ஒழுங்காகக் கற்காமல் முதுகை வளைத்து இழுத்தால் இடுப்பு வலிக்கும்.

விலை உயர்ந்தால் பாதுகாப்பும் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2021 மே மாதம் பெலோட்டான் நிறுவனம் டிரெட் பிளஸ் என்ற விலையுயர்ந்த டிரெட்மில்லில் ஏறத்தாழ 1,25,000 கருவிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பெல்ட்டின் பின்பக்கம் இழுத்ததில் ஒரு குழந்தை இறந்திருந்தது. 2023இல் இருக்கைக் கம்பி முறியக்கூடும் என்பதற்காக அதே நிறுவனத்தின் 22 லட்சம் சைக்கிள்களும் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் டிரெட்மில்லின் பாதுகாப்புச் சாவியைப் பயன்படுத்தாத நேரமெல்லாம் எடுத்து, எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். பிளக்கையும் பிடுங்கி வைப்பது இன்னும் நல்லது.

பழைய கருவி வாங்குவோருக்கும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். காந்த சைக்கிளைப் பாதி விலையில் தயங்காமல் வாங்கலாம். கிராங்க் கையை இரு பக்கமும் ஆட்டிப் பார்த்தால் போதும். டிரெட்மில் என்றால் விற்பவர் முன்னிலையிலேயே பெல்ட்டைத் தூக்கிப் பலகையைத் தடவிப் பார்க்க வேண்டும், பிறகு அரை மணி நேரம் நடந்து மோட்டார் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் போர்டு மாற்றிய டிரெட்மில்லை அப்பாவுக்காகவே வைத்திருக்கிறோம். சைக்கிளில் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை, நடையை விடவும் மனமில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்க, அவர் சிலிகான் புட்டியின் மூக்கை உள்ளே நீட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு இழுத்துவிடுகிறார். எனக்கென்று பெல்ட்டில் ஓடும் காந்த சைக்கிள் ஒன்று வாங்கி நான்காண்டு ஆகிறது. இதுவரை அதில் மாற்றியது திரைக்கான பேட்டரி மட்டும்தான்.