அந்தோனியாரை யன்னலில் வைப்பதானால்: ஸ்டிக்கரா, பெயிண்டா, ஈயமா?

திருகோணமலையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு யன்னல் மாற்றப் போகிறோம் என்றால் பங்குச் சபையில் முதலில் எழும் பேச்சு ஸ்டிக்கர்தான். புனிதரின் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளைச் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், செலவும் கைக்கு அடக்கம். நான் பார்த்த ஒரு கோயிலில் மேற்குச் சுவரில் அப்படித்தான் அந்தோனியாரை ஒட்டினார்கள். கச்சான் காற்றுக் காலத்துப் பின்னேர வெயில் நேரே விழும் சுவர் அது. சில வருடங்களில் சிவப்பும் மஞ்சளும் வெளிறி, பழுப்பு அங்கி நீலம் பாரித்தது. கையிலிருந்த குழந்தை இயேசுவின் கால் பக்கம் சுருண்டு எழும்பியது. வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. போகிற வருகிற எல்லோரும் அந்தக் காலைத்தான் தொட்டு முத்தமிட்டார்கள்.

கையால் பெயிண்ட் அடிக்கலாம் என்பார்கள். சூளையில் சுடாத பெயிண்ட் கண்ணாடியோடு ஒன்றாது. இரண்டு மூன்று மாரி கண்டால் செதில் செதிலாகக் கழன்றுவிடும். பள்ளிக்கூட மேடைக்குச் சரி.

நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டியால் இணைத்துச் செய்வதுதான் ஈயம் கட்டிய கண்ணாடி. அதில் நிறம் மேலே பூசியதல்ல. நீலம் வேண்டுமானால் கண்ணாடியை உருக்கும்போதே கோபால்ட் சேர்ப்பார்கள். முகத்தின் கோடுகளை உலோகத் தூளும் கண்ணாடித் தூளும் குழைத்து வரைந்து, 600 பாகை செல்சியஸுக்கு மேல் சுடுவார்கள்; அது கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். பிரான்சின் சார்ட்ர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இன்றும் நிற்கிறது. 1939இல் போருக்குப் பயந்து அதைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்பவும் பொருத்தினார்கள். ஸ்டிக்கரைக் கழற்றினால் குப்பைக்குத்தான்.

இன்னொன்று, ஈயக் கோடு துண்டுகளைப் பிடித்து வைப்பதோடு படத்தையும் வரைகிறது. கடைசி வாங்கில் இருப்பவருக்கு முகம் தெரியாது; ஆனால் பழுப்பு அங்கி, லீலி மலர், கையில் குழந்தை என்றால் அந்தோனியார். அம்பு தைத்த உடம்பென்றால் செபஸ்தியார், சாவி என்றால் இராயப்பர் (பேதுரு). ஸ்டிக்கரில் முகம் கலண்டர் படம்போல அழகாகத்தான் இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால்.

குறை இல்லாமல் இல்லை. விலை பல மடங்கு. தாங்கிப் பிடிக்கும் கம்பி இரும்பானால் உப்புக் காற்றில் துருப்பிடித்து வீங்கி, கண்ணாடியையே வெடிக்க வைக்கும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். நம் வெளிச்சமும் கடுமையானது, வெளிர் நிறம் போட்டால் கண் கூசும். எல்லாவற்றையும்விட, இந்த யன்னலைப் பொதுவாகத் திறக்க முடியாது. மே மாதத்துப் பூசையில் காற்றில்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் என்னைக் கேட்டால், பீடத்துக்கு மேலே கிழக்குப் பார்த்த சின்ன வட்ட யன்னலில் மட்டும் ஈயக் கண்ணாடி போடலாம். கீழே உள்ளதெல்லாம் மரக் கதவாகவே இருக்கட்டும், காற்று வரட்டும்.

செவ்வாய்க்கிழமை இரவு நடக்கும் அந்தோனியார் நவநாள் வழிபாட்டுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இருட்டினால் உள்ளே இருப்பவருக்கு அந்தக் கண்ணாடி வெறும் கறுப்பு வட்டம். அந்த நேரத்துக்குச் சுரூபம் இருக்கிறது. உள்ளே லைட் எரிந்தால் அந்தோனியார் தெரிவது வெளியே, றோட்டில் போகிறவருக்கு.