சைவ கிம்பாப் என்று நம்பி 94 டாலர் 60 சென்ட்டை இழந்த கதை – எச்சரிக்கை

ஆறு வகை உறைந்த கிம்பாப்பை ஒரே மேசையில் வைத்துச் சுவைத்து, சைவம் உண்பவர்கள் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று விரிவாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த ஒப்பீடு இனி வராது. அதற்காகச் செலவிட்ட 94 டாலர் 60 சென்ட் எப்படிப் போயிற்று என்பதை மட்டும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, நடுவில் காய்கறிகளை வைத்துச் சுருட்டி, வட்ட வட்டமாக நறுக்கும் கொரிய உணவுதான் கிம்பாப். பார்வைக்கு ஜப்பானிய சுஷியைப் போல இருந்தாலும், இதன் சோற்றில் வினிகர் கலப்பதில்லை; உப்பும் எள்ளெண்ணெயும்தான் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் நம் செக்கு நல்லெண்ணெயைவிட மணம் தூக்கலாக இருக்கும். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெரிய மளிகைக் கடைத் தொடர் ஒன்று இதை உறைய வைத்து 3 டாலர் 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியபோது, சில வாரங்களிலேயே நாடு முழுவதும் தீர்ந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். கொரியாவிலிருந்து இறைச்சி கலந்த உணவுகளைக் கொண்டுவருவதற்கு அமெரிக்காவில் கடுமையான கட்டுப்பாடுகள் இருப்பதால், இங்கு வந்து சேரும் உறைந்த கிம்பாப்பில் பெரும்பாலானவற்றில் இறைச்சி இருப்பதில்லை. எங்களைப் போல நியூ ஜெர்சியில் சைவமாக வாழும் குடும்பங்களுக்கு அது ஓர் எதிர்பாராத வரம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

முதலில் அருகிலிருக்கும் கொரிய மளிகைக் கடையில் இரண்டு வகைகளை வாங்கினேன். பொரித்த டோஃபுவும் (சோயாப் பாலில் செய்த பன்னீர் போன்றது), சோயா சாற்றில் வேகவைத்த பர்டாக் என்ற செடியின் வேரும், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் வைத்தது ஒன்று. சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ் வைத்தது மற்றொன்று. முன்னதே என் ஓட்டைப் பெற்றது. பர்டாக் வேரின் நறுக்கென்ற கடியும் முள்ளங்கியின் புளிப்பும் சோற்றின் மந்தத்தை ஈடுகட்டின. நூடுல்ஸ் வைத்ததோ மாவுக்குள் மாவு என்பதுபோல் இருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் முன்னதில் ஐந்து துண்டுகளைச் சாப்பிட்டுவிட்டு, "இதுல தப்பா ஒண்ணும் இல்லையேம்மா?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். இன்னொரு பெட்டியை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் இறக்கி வைத்த முட்டாள்தனத்தையும் செய்தேன். சோற்றின் மாவுச்சத்து இறுகிப் போவது ஃப்ரீசரில் அல்ல, ஃபிரிட்ஜின் குளிரில்தான் என்பதால், மறுநாள் அது அரிசிக் கற்களாகக் கிடந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் நேராக மைக்ரோவேவில் சூடாக்குவதுதான் முறை.

இந்த இரண்டு வகைகள் தந்த ஆசையில்தான் இணையத்தில் தேடினேன். ஆசிய உறைநிலை உணவுகளை வீட்டுக்கே அனுப்பும் ஓர் இணையக் கடையில், ஆறு வகையிலும் இரண்டிரண்டு பெட்டிகளாகப் பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட "ஒப்பீட்டுத் தொகுப்பு" கண்ணில் பட்டது. பெட்டி ஒன்று 6 டாலர் 55 சென்ட்; டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வைத்து அனுப்பத் தனிக் கட்டணம். வாங்குவதற்கு முன்பே அவர்களின் அரட்டைப் பெட்டியில் மூன்று கேள்விகள் கேட்டேன்: ஆறும் சைவமா, மீனோ இறாலோ எதிலாவது உண்டா, எத்தனை நாளில் வரும்? ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. "ஆறும் முழுச் சைவம். மீன் கிடையாது. இரண்டு நாளில் உறைந்த நிலையிலேயே கையில் கிடைக்கும்" என்று எழுதியவர், என் மாமியாருக்காகக் கேட்கிறேன் என்று தெரிந்ததும், தன் பாட்டியும் சைவம்தான் என்றும், எது முதலில் பிடித்தது என்று தனக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினார். அந்த ஒரு வரியில் நான் விழுந்தேன். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பினால் டிரை ஐஸ் கட்டணம் 20 டாலரிலிருந்து 16 டாலராகக் குறையும் என்று அவரே சொன்னபோது, அதையும் அன்பளிப்பாகவே எடுத்துக்கொண்டு, 94 டாலர் 60 சென்ட்டை அப்போதே அனுப்பினேன். நான்கு டாலர் மிச்சம் பிடித்த பெருமை எனக்கு நான்கு நாள்கள்தான் நீடித்தது.

திங்கள் மாலை கிளம்பியதாகச் சொன்ன பெட்டி வெள்ளி மதியம் வந்தது. டிரை ஐஸ் இருந்த உறை காலியாகச் சுருங்கிக் கிடந்தது. ஓரத்தில் இருந்த பெட்டிகளை அழுத்தினால் விரல் உள்ளே போனது. சமையல் வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது 58 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. 40 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் கிடந்த சமைத்த உணவை உண்ணக் கூடாது என்பது இந்த நாட்டின் அடிப்படை விதி. சோற்றில் வளரும் சில பாக்டீரியாக்களின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதோடு, ஆறு வகை என்று சொன்னதில் நான்குதான் வந்திருந்தன.

நடுவில் இருந்த இரண்டு பெட்டிகள் மட்டும் கல்லாக உறைந்தே இருந்ததால், அவற்றையாவது ருசி பார்க்கலாம் என்று அன்று மாலை சூடாக்கினேன். இரண்டின் அட்டையிலும் காய்கறிப் படம்தான். மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றவர் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோனார். உள்ளே பழுப்பு நிறத்தில் நீள நீளமாக இருந்ததைப் பொரித்த டோஃபு என்றே நான் நினைத்திருந்தேன். அது சோயா சாற்றில் வேகவைத்த மீன் அப்பம். அட்டையின் பின்புறம் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டில், ஒவ்வாமைப் பொருள்களின் வரியில், கோதுமை, சோயா, எள் என்பவற்றுக்குப் பிறகு மீன் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. படிக்காதது என் தவறுதான். ஆனால் அந்தச் சீட்டைப் பார்க்காமலா அவர்கள் "மீன் கிடையாது" என்று எழுதினார்கள்? மற்றது கிம்ச்சி என்ற காரமான கொரியக் காய்கறி ஊறுகாய் வைத்தது; அதன் சீட்டில் உப்பிட்ட இறால். அறுபத்தெட்டு வயதுவரை முட்டைகூடத் தொடாதவர் அன்று இரவு எதுவும் சாப்பிடவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு நடந்தது தனிக் கதை. பெட்டிகள் இளகி வந்ததைச் சொன்னதற்கு, இருபது மணி நேரம் கழித்து, "சற்று இளகுவது இயல்பு, ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும்" என்று பதில். வெப்பமானியின் அளவைச் சொன்னதும் படம் கேட்டார்கள். பதினொரு படங்கள் அனுப்பினேன். "புகார் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும், 26 மணி நேரம் ஆகிவிட்டது" என்றார்கள். மீனைப் பற்றிக் கேட்டதற்கு, "சைவம் என்று சொன்னது இறைச்சி இல்லை என்ற பொருளில்" என்று விளக்கம் வந்தது. மூன்றாம் நாள் குற்றம் கூரியர் நிறுவனத்தின் தலைக்குப் போனது. நான்காம் நாள், அடுத்து 75 டாலருக்கு மேல் வாங்கினால் 5 டாலர் தள்ளுபடி தருவதாகச் சொல்லிவிட்டு, "தீர்க்கப்பட்டது" என்று உரையாடலை மூடிவிட்டார்கள். பாட்டியைப் பற்றி எழுதியவர் மறுபடி வரவே இல்லை. வங்கியோ, பணத்தை அனுப்பியது நானேதான் என்பதால் 94 டாலர் 60 சென்ட்டைத் திரும்பப் பெற்றுத்தர முடியாது என்று கைவிரித்தது.

விரிவான அறிவுரை எழுதும் மனநிலை இல்லை. கிரெடிட் கார்டில் மட்டும் வாங்குங்கள். கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. அட்டைப் படத்தையும் அரட்டையையும் நம்பாமல் ஒவ்வாமை வரியைப் படியுங்கள், கிம்ச்சி என்றால் இரண்டு முறை படியுங்கள். கடையில் வாங்கும்போது பெட்டியை ஆட்டிப் பாருங்கள். துண்டுகள் ஒட்டிக்கொண்டு உள்ளே பனிக்கட்டி படர்ந்திருந்தால் இளகி மறுபடி உறைந்ததாக இருக்கக்கூடும், வைத்துவிடுங்கள்.

மீதிப் பத்துப் பெட்டிகளும் வேறு எதற்கும் இடமில்லாமல் என் ஃப்ரீசரை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கு அனுப்பிய புகாருக்குப் பதில் வரும் வரை அவற்றை எறிவதாக இல்லை.