ராபின்சனா, செர்ரியா, கயெதேயா? கரோக்கி அறையில் ஸ்பிட்ஸ்

ஜப்பானில் நான் போன கரோக்கி இரவுகளில் ஸ்பிட்ஸ் என்ற ஜப்பானிய ராக் குழுவின் பாட்டு ஒலிக்காத இரவு என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பாட்டுத் தேடும் பலகை கைமாறிக் கைமாறி வரும்போது யாராவது ஒருவர் அந்தக் குழுவின் பெயரைத் தட்டிவிடுவார். 1987-இல் சேர்ந்த நால்வர், இன்றும் அதே நால்வர். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடுபவர் மசமுனே குசனோ. எந்தப் பாட்டை எடுப்பது என்பதில்தான் குழப்பமே. பெரும்பாலும் போட்டி மூன்றுக்குள் வந்து நிற்கும்: 1995-இல் வந்த ராபின்சன், 1996-இல் வந்த செர்ரி, 1998-இல் வந்த கயெதே.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த மூன்று பாட்டிலும் தலைப்புச் சொல் வரிகளில் எங்குமே வராது. கயெதே என்றால் மேப்பிள் மரம். பாட்டில் மரமே இல்லை. ராபின்சன் என்பது குசனோ தாய்லாந்து போனபோது கண்ணில் பட்ட ஒரு பல்பொருள் அங்காடியின் பெயர். தற்காலிகமாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் பல்லவியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தலைப்பைத் தேடினால் கிடைக்காது. குழுவின் பெயரைப் போட்டுத் தேடுவதே சுலபம்.

ராபின்சனும் செர்ரியும் விற்பனையில் சரிக்குச் சரி. இரண்டுமே 16 லட்சம் பிரதிகளைத் தாண்டியவை. ஆனால் பாடுகிறவரிடம் அவை கேட்பது ஒன்றல்ல.

ராபின்சன் ஏமாற்றிவிடும் பாட்டு. தெத்சுயா மிவாவின் கிட்டார் மணிமணியாக உதிர ஆரம்பித்ததும் அறையில் ஓர் "ஆ!" எழும். முதல் வரிகள் பேசுகிற சுருதியில் போவதால், இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தத் தைரியத்தில் பல்லவிக்குள் நுழைந்தால் மெட்டு மேலே ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. கீழே இறங்கி மூச்சு வாங்க இடமே இல்லை. கடைசியில் பொருளில்லாத மூன்று அசைகளை மிதக்கவிட வேண்டும். கேட்கும்போது காற்றில் இறகு போவது மாதிரி இருக்கும். பாடும்போதுதான் அதற்கு முன்னாலேயே மூச்சு தீர்ந்துபோயிருப்பது தெரியும். குசனோவுக்கு அந்த உயரம்தான் வீடு. அவர் குரலில் அங்கே ஒரு முயற்சியும் தெரியாது. நமக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். கத்திப் பிடித்துவிடலாம்தான்; ஆனால் கத்திய கணத்தில் அந்தப் பாட்டு செத்துவிடுகிறது. இதைக் கள்ளத்தொண்டையில் மெதுவாகத் தொட வேண்டும், இல்லையென்றால் சுருதியைக் குறைக்க வேண்டும்.

சுருதியைக் குறைப்பதில் வெட்கமே வேண்டாம். பலகையில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அரை ஸ்வரம் இறங்கும். எனக்கு ராபின்சன் மூன்று அழுத்தல் இறங்கினால்தான் சரிப்படும். ஆனால் ஒன்று: அப்படி இறக்கும்போது ஆரம்ப கிட்டாரின் மினுமினுப்பும் கொஞ்சம் மங்கிப்போகிறது. ராபின்சனில் அது பெரிய இழப்புதான்.

செர்ரி அப்படியில்லை. சுருதியை ஏற்று, இறக்கு, அது செர்ரியாகவே இருக்கும். கிட்டார் கற்றுக்கொள்ளும் ஜப்பானியர் பலரும் ஆரம்பத்திலேயே வாசித்துப் பார்க்கும் பாட்டு இது. முதல் வரிகளின் கார்டுகள் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) படிப்படியாக இறங்கி வருவதால், அடுத்த ஸ்வரம் எது என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். பல்லவி வந்ததும் யாரும் கேட்காமலே கைத்தட்டல் சேரும், மூலையில் கிடக்கும் தம்புரினை ஒருவர் எடுப்பார், இரண்டாவது மைக் தானாகவே யாரிடமாவது போய்விடும். உங்கள் குரல் பிசிறினாலும் பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்ளும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சின்ன சௌகரியமும் உண்டு. ஜப்பானிய மொழியில் குறில் நெடில் வித்தியாசம் முக்கியம்; மெட்டில் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம். நெடிலை நெடிலாகவே நீட்டிப் பழகிய நாக்குக்கு இது இயல்பாக வரும். திரையில் கடினமான சீன எழுத்துகளின் தலைமேல் சிறிய எழுத்தில் உச்சரிப்பும் ஓடும் என்பதால், ஹிரகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து மட்டும் தெரிந்தால்கூட செர்ரியைச் சமாளித்துவிடலாம்.

மதிப்பெண் போடும் வசதியை இந்தக் குழுவின் பாட்டுகளுக்கு நான் அணைத்துவிடுவேன். அந்தக் கருவிக்குக் கமகம் மாதிரியான அசைவுகளும் குரல் நடுக்கமும் பிடிக்கும். குசனோவோ நேராக, அலங்காரமில்லாமல் பாடுபவர். புள்ளிக்காகக் குரலை ஆட்டினால் அந்த நேர்மை போய்விடும்.

இன்னும் இரண்டு பாட்டுகளைப் பற்றி ஓரிரு வார்த்தை. 1994-இல் வந்து, 1996-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாட்டானபின் முதலிடத்துக்கு ஏறிய 'சோரா மோ டொபேரு ஹசு', பள்ளிப் பட்டமளிப்பு நாளில் பாடி வளர்ந்தவர்கள் இருக்கும் அறைக்கு நல்லது. இதில் தலைப்பு பல்லவியிலேயே வருவதால் தேடுவதும் சுலபம். 2023-இல் துப்பறியும் கோனன் அனிமேஷன் படத்துக்காக வந்த 'உத்சுகுஷீ ஹிரே' இளையவர்களை உடனே திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனால் அதன் தாளம் நடுவில் எண்ணிக்கை மாறிக் காலை வாரிவிடும். வீட்டில் பலமுறை கேட்காமல் தொடாதீர்கள்.

அப்புறம் கயெதே. மற்ற இரண்டோடு இதை ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மெதுவான பாட்டு, பிரிந்துபோனவரின் குரலைச் சுமந்துகொண்டு நடப்பவனின் பாட்டு. நிதானமாகப் போவதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு நெடிலும் அப்பட்டமாகக் கேட்கும். பல்லவியின் நடுவில் ஒரு 'ஆ' வருகிறது. அதைச் சத்தமாகப் பாடினால் புலம்பலாகிவிடும், அடக்கினால் காணாமல் போய்விடும். அந்த ஒற்றை எழுத்தில் எத்தனையோ முறை தடுக்கியிருக்கிறேன். அதோடு, கூட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் இதைப் போட்டால் எல்லோரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அது பாட்டின் குறையில்லை.

ஆகவே என் வரிசை இது. முதல் பாட்டாக செர்ரி, ஓர் அழுத்தல் மட்டும் இறக்கி. குரல் சூடானபின் ராபின்சன், மூன்று இறக்கி. அப்புறம், சுவரில் இருக்கும் தொலைபேசி அடித்து "இன்னும் பத்து நிமிடம்" என்று முன்மேசையிலிருந்து சொல்வார்கள். தம்புரின் ஓய்ந்திருக்கும், பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். கயெதேயை நான் அப்போதுதான் தட்டுவேன்.